ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1: வால்வு கிட்டார் ஆம்ப் ஒன்றை வீட்டிலேயே கட்ட முழுமையான வழிகாட்டி

வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப் கட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே மார்ஷல், பாஸ்மேன் என்று பெரிய சர்க்யூட்டில் கை வைக்கிறார்கள். முதல் ஆம்புக்கு அது வேண்டாம். 1950களில் கலிஃபோர்னியா ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் கம்பெனி, கிட்டார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த சாம்ப் இருக்கிறதே, அதிலும் 5எஃப்1 என்ற சர்க்யூட், அதைக் கட்டுங்கள். மூன்றே வால்வு, ஒரே ஒரு வால்யூம் குமிழ், சுமார் ஐந்து வாட், எட்டு இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. டோன் கண்ட்ரோல்கூடக் கிடையாது. ஆனால் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி ஒரு நல்ல கிட்டாரை மாட்டினால், மெதுவாக மீட்டும்போது தெளிவாகவும் அழுத்தி அடித்தால் கரகரத்தும் வரும் அந்த ஒலிக்கு ஈடாக இன்னொன்றை நான் கேட்டதில்லை. ஸ்டூடியோக்களில் பெரிய பெரிய ஆட்கள் இந்தக் குட்டிப் பெட்டியின் முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்ததும் அதனால்தான்.

அந்தப் பெயரில் வரும் 5 என்பது ஐம்பதுகளைக் குறிக்கிறது, எஃப் என்பது சர்க்யூட்டின் திருத்த வரிசை, 1 என்பது சாம்ப் மாடல். வால்யூமும் மற்றதும் நேராக வயரில் பற்றவைத்த, பிரிண்டட் போர்டு இல்லாத அமைப்பு. எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம், பழுது வந்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கொள்கைதான். ஒலி போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் அப்படியே காப்பியடியுங்கள், கரண்ட் உள்ளே வரும் பாதையில் ஐம்பதுகளின் எதையும் காப்பியடிக்காதீர்கள். அந்தக் காலத்து ஆம்ப்களில் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்தான் இருந்தது, பலவற்றில் மெயின்ஸ் வயரிலிருந்து சேஸிஸுக்கு (பாகங்களைத் தாங்கும் உலோகத் தொட்டிக்கு) ஒரு கெபாசிட்டரும் போட்டிருப்பார்கள். அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் சேஸிஸில் கரண்ட், சேஸிஸில் இருந்தால் கிட்டார் கம்பியிலும் கரண்ட். அதை "ஒரிஜினல்" என்று கொண்டாட ஒன்றுமே இல்லை.

கட்ட ஆரம்பிக்கும் முன்: 340 வோல்ட்

இந்தச் சின்ன ஆம்புக்குள் 340 வோல்ட் டி.சி. இருக்கும். வால்வு சூடாவதற்கு முன் சில நொடிகள் அது 450ஐத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஆளைக் கொல்லப் போதுமான அளவு இது, இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

அதனால் முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். ஒரிஜினலில் இது கிடையாது, ஒலிக்கும் இதனால் எந்த வித்தியாசமும் வராது. ஆஃப் செய்து முக்கால் நிமிடத்தில் கெபாசிட்டர் வடிந்துவிடும். அப்படியும் ஒவ்வொரு முறை கை வைக்கும் முன் மீட்டரை வைத்து அளந்து, பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டி வந்தால் கறுப்பு புரோபை முதலை கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையில் பிடியுங்கள், மற்றக் கை பாக்கெட்டில் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு. வீட்டில் யாராவது ஒருவர் இருக்கும்போது செய்யுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சுவரில் மூன்று ஓட்டை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. வாடகை வீடுகளில் பல இடத்தில் அந்த மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. மீட்டரை ஏ.சி.யில் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள், கிட்டத்தட்ட 230 வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மீட்டர் வைத்துப் பார்ப்பது ஆரம்பச் சோதனை மட்டுமே, எர்த் நிஜமாக வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன்தான் உறுதியாகச் சொல்ல முடியும். சந்தேகம் என்றால் அவரை வரவழைத்துச் சரிசெய்து, கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட்ட பிறகு ஆம்ப் வேலையைத் தொடங்கலாம்.

சர்க்யூட் எப்படி ஓடுகிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பற்றவைக்கும்போது வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்காது.

வால்வுக்குள் கேத்தோடு எலக்ட்ரான்களை வெளியே விடும், பிளேட் அவற்றை வாங்கிக்கொள்ளும், நடுவில் உள்ள கிரிட்டுக்கு வரும் சிக்னல் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். 12ஏஎக்ஸ்7இல் இப்படி இரண்டு பாதிகள் ஒரே குழாயில் இருக்கும். கிட்டாருக்கு இரண்டு ஜாக். ஒவ்வொன்றிலிருந்தும் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் பாதியின் கிரிட்டுக்குப் போகிறது, கிரவுண்டுக்கு ஒரு 1 மெகா ஓம். முதல் ஜாக்கில் முழு ஒலி. இரண்டாவதில் அந்த இரண்டு 68 கிலோ ஓமும் சேர்ந்து சிக்னலைப் பாதியாக்கிவிடும், சத்தமான பிக்கப் உள்ள கிட்டாருக்கு அது தோதானது. வால்வின் இந்தப் பாதிக்குக் கேத்தோடில் 1.5 கிலோ ஓம், பிளேட்டில் 100 கிலோ ஓம். பெரிதான சிக்னல் 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக 1 மெகா ஓம் வால்யூமுக்கு வந்து, அங்கிருந்து நேராக அதே வால்வின் இரண்டாம் பாதிக்குப் போகிறது. அங்கும் அதே 1.5 கிலோ ஓம், அதே 100 கிலோ ஓம். இன்னொரு 0.022 வழியாக 6வி6 பவர் வால்வின் கிரிட். அதற்குக் கிரவுண்டுக்கு 220 கிலோ ஓம், கேத்தோடில் 470 ஓமும் 25 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெபாசிட்டரும்.

6வி6இன் பிளேட் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கரை ஓட்டுகிறது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு 22 கிலோ ஓம் திரும்பி வந்து 12ஏஎக்ஸ்7 இரண்டாம் பாதியின் கேத்தோடில் சேர்கிறது. இதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக், ஒலியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து வைக்கும்.

பவர் பக்கம்: மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரின் 325-0-325 வோல்ட் 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வுக்குப் போய் டி.சி. ஆகிறது. முதலில் 16 மைக்ரோஃபாரட், அங்கிருந்து அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். 10 கிலோ ஓம் தாண்டி 8 மைக்ரோஃபாரட், அங்கிருந்து 6வி6இன் ஸ்கிரீன் (அதன் இரண்டாவது கிரிட்). 22 கிலோ ஓம் தாண்டி இன்னொரு 8, அங்கிருந்து 12ஏஎக்ஸ்7இன் இரண்டு 100 கிலோ ஓம்கள். அவ்வளவுதான் முழு ஆம்பும்.

12ஏஎக்ஸ்7இன் கேத்தோடிலும் பைபாஸ் கெபாசிட்டர் போட்டால் கெயின் கூடும், டோன் கண்ட்ரோல் சேர்க்கலாம் என்றெல்லாம் யோசனை வரும். முதலில் இப்படியே கட்டி ஒரு மாதம் வாசியுங்கள். இவ்வளவு குறைவான பாகங்கள் இருப்பதால்தான் இது இப்படி ஒலிக்கிறது என்பது என் கருத்து. எதையாவது சேர்த்தால் அது வேறு ஆம்ப்.

சாமான்கள்: எதில் காசைப் போடுவது

இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கரிலும் போடுங்கள். பழைய காலத்துக் கெபாசிட்டர் என்று தனி விலைக்கு விற்பதில் போடாதீர்கள். சாதாரண 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் போதும். ரெசிஸ்டரும் அப்படித்தான். பழைய கார்பன் காம்போசிஷன் வகை அழகாக இருக்கும், ஆனால் இரையும், நம்மூர் ஈரக்காற்றில் மதிப்பும் மாறிப்போகும். கார்பன் ஃபிலிமோ மெட்டல் ஃபிலிமோ எடுங்கள்.

மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர்தான் இங்கே பெரிய விஷயம். அமெரிக்காவிலிருந்து வாங்கினால் பிரைமரி 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் செய்த கோர் நம் 50 ஹெர்ட்ஸில் சூடேறும். உள்ளூரில் வைண்டிங் செய்பவரிடம் சுற்றித் தரச் சொல்வதும் நல்ல வழிதான். அவரிடம் சொல்ல வேண்டியது: பிரைமரி 230 வோல்ட், செகண்டரி 325-0-325, குறைந்தது 70 மில்லிஆம்பியர், 6.3 வோல்ட், 2 ஆம்பியர். 5 வோல்ட், 2 ஆம்பியர். கூடவே கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த 5 வோல்ட் சுற்று பேருக்குத்தான் 5 வோல்ட், ஆம்ப் ஓடும்போது அது முழுவதும் 340 வோல்ட்டின் மேல் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே மற்றச் சுற்றுகளுக்கும் கோருக்கும் நடுவே தடிமனான இன்சுலேஷன் வேண்டும். பேட்டரி சார்ஜர் ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டுமே சுற்றிப் பழகியவருக்கு இதைச் சொல்லாவிட்டால் தெரியாது.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் சிங்கிள் எண்டட் வகை, அதாவது கோரில் காற்று இடைவெளி விட்டது. 5 வாட்டுக்குக் குறையாமல், பிரைமரி 7 முதல் 8 கிலோ ஓம், செகண்டரி உங்கள் ஸ்பீக்கருக்கு ஏற்ப 4 அல்லது 8 ஓம். ஒரிஜினலில் ஸ்பீக்கர் 3.2 ஓம், இன்று 4 ஓம் எட்டு இன்ச் கிட்டார் ஸ்பீக்கர் அந்த இடத்துக்குச் சரியாக வரும். ஹை-ஃபை ஸ்பீக்கரோ கார் ஸ்பீக்கரோ போடாதீர்கள், கிட்டார் கரகரப்பை அது அப்பட்டமாகக் காட்டிக் காதைக் கிழிக்கும்.

மீதிப் பட்டியல்:

- வால்வு: 12ஏஎக்ஸ்7 (இசிசி83 என்று எழுதியிருந்தாலும் அதேதான்), 6வி6ஜிடி, 5ஒய்3ஜிடி. ஒன்பது முள் சாக்கெட் ஒன்று, எட்டு முள் சாக்கெட் இரண்டு. செராமிக் நல்லது.
- ஃபில்டர் கெபாசிட்டர்: 16 அல்லது 22 மைக்ரோஃபாரட் ஒன்று, 8 அல்லது 10 மைக்ரோஃபாரட் இரண்டு, மூன்றும் 500 வோல்ட். 450 வோல்ட் என்றால் ஆன் செய்யும் அந்த முதல் நொடிகளில் எல்லை மீறும். முதல் கெபாசிட்டரை 22க்கு மேல் ஏற்ற வேண்டாம், 5ஒய்3 தாங்காது.
- கேத்தோடுக்கு 22 அல்லது 25 மைக்ரோஃபாரட், 50 வோல்ட்.
- ரெசிஸ்டர்: மேலே சொன்னவை. 470 ஓம் மட்டும் 5 வாட், பவர் பக்கத்து 10 கிலோ ஓமும் 22 கிலோ ஓமும் கெபாசிட்டரை வடிக்கும் 220 கிலோ ஓமும் 2 வாட், மற்றவை அரை வாட் அல்லது 1 வாட்.
- 1 மெகா ஓம் ஆடியோ டேப்பர் வால்யூம், ஜாக் மூன்று, மூன்று முள் மெயின்ஸ் சாக்கெட், ஃபியூஸ் ஹோல்டர், 500 மில்லிஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ், இரட்டைத் துருவ சுவிட்ச்.

ஒரிஜினலில் ஆன்-ஆஃப் சுவிட்ச் வால்யூம் குமிழின் முதுகிலேயே இருக்கும். 230 வோல்ட்டை வால்யூம் வரை இழுத்துக்கொண்டு போவது உறுமலை வரவழைத்துக்கொள்வது போலத்தான், சுவிட்சைத் தனியாக மெயின்ஸ் பக்கம் போடுங்கள். ரெசிஸ்டர், ஜாக், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கிடைத்துவிடும். வால்வும் சாக்கெட்டும் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். வயர் 600 வோல்ட் தாங்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

சேஸிஸும் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டிய இடமும்

ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வளைத்து ஒரு நீள் தொட்டி மாதிரி செய்துகொள்ளுங்கள், ஏ.சி. டக்ட் செய்யும் பட்டறையில் வளைத்துத் தருவார்கள். ஒரு முனையில் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர், அதையடுத்து 5ஒய்3, 6வி6, கடைசியில் 12ஏஎக்ஸ்7. ஜாக்குகள் 12ஏஎக்ஸ்7க்குப் பக்கத்தில். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலும் மெயின்ஸும் எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும். துளையின் அளவை எங்கோ படித்து வெட்டாமல், வாங்கிய சாக்கெட்டை அளந்து வெட்டுங்கள்.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை எங்கே, எந்தத் திசையில் போல்ட் போடுவது என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரைச் சேஸிஸில் பொருத்தி, செகண்டரி வயர்களின் முனைகளை ஒவ்வொன்றாக டேப் சுற்றித் தனித்தனியாக ஒதுக்கிவிட்டு, பிரைமரிக்கு மட்டும் ஃபியூஸ் வழியாகக் கரண்ட் கொடுங்கள். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு எந்த இணைப்பும் வேண்டாம், அதன் செகண்டரியில் ஒரு பழைய ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு, சேஸிஸின் மேல் அதை அங்கும் இங்கும் நகர்த்திப் பாருங்கள். ம்ம்ம் என்று உறுமல் கேட்கும். கொஞ்சம் திருப்பினால் குறையும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஓரிடத்தில் கிட்டத்தட்டக் காணாமலே போகும், அதையும் தாண்டினால் மறுபடி ஏறும். அந்த அமைதியான கோணத்தில் பென்சிலால் கோடு போட்டுத் துளையிடுங்கள். பெரும்பாலும் இரண்டு கோர்களும் செங்குத்தாக நிற்கும் கோணமாகத்தான் அது இருக்கும். பின்னால் எந்தக் கெபாசிட்டரை மாற்றினாலும் கிடைக்காத அமைதி இந்த ஒரு வேலையில் கிடைக்கிறது.

போர்டு

ஃபெண்டர் அந்தக் காலத்தில் ஃபைபர் அட்டையில் துளைவளையம் அடித்துச் செய்தார்கள். அந்த அட்டை ஈரத்தை உறிஞ்சிக் கரண்டைக் கடத்தத் தொடங்கும், கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் கிளாஸ் எபாக்ஸி தகடும் டரட் முள்ளும் (பாகங்களின் காலைச் சுற்றிப் பற்றவைக்கும் உலோக முள்) வாங்குங்கள். இல்லையென்றால் பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்த டேக் ஸ்ட்ரிப்பிலும் இந்த ஆம்பை நன்றாகவே கட்டலாம்.

பாகங்களை வால்வுகளின் வரிசையிலேயே அடுக்குங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் பிளஸ்-மைனஸை இரண்டு முறை பாருங்கள், தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் வைக்கும் முன் மீட்டரில் அளந்துவிடுங்கள். 1.5 கிலோவும் 15 கிலோவும் நிறப்பட்டையில் அண்ணன் தம்பி போலவே இருக்கும். காலை முள்ளில் சுற்றி, 60/40 ஈயத்தில், முள்ளைச் சூடாக்கி அதன் சூட்டில் ஈயம் உருகி ஓடும்படிப் பற்றவையுங்கள். காய்ந்ததும் பளபளவென்று இருக்க வேண்டும், மங்கலாக உருண்டையாக நின்றால் மறுபடி சூடாக்குங்கள்.

வயரிங், இந்த வரிசையில்

முதலில் மெயின்ஸ். எர்த் வயருக்குத் தனி போல்ட், அதில் வேறு எந்த வயரும் சேரக் கூடாது. அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பல் வாஷர் போட்டு இரண்டு நட் வைத்து இறுக்குங்கள். எர்த் வயர் மற்ற இரண்டைவிட நீளமாக இருக்கட்டும். யாராவது கேபிளை இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்க வேண்டும். ஃபேஸ் ஃபியூஸுக்குப் போய், அங்கிருந்து சுவிட்சுக்கு. வெளியே தெரியும் ஒவ்வொரு முனைக்கும் ஹீட் ஷ்ரிங்க்.

அடுத்து ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் இழை. 6.3 வோல்ட்டின் இரண்டு வயரையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையை ஒட்டி ஓட்டுங்கள். 6வி6இல் 2ஆம் முள், 7ஆம் முள். 12ஏஎக்ஸ்7இல் 4ஐயும் 5ஐயும் சேர்த்து ஒரு பக்கம், 9 மறுபக்கம். ஒரிஜினலில் ஒரு பக்கத்தைக் கிரவுண்ட் செய்து விட்டிருந்தார்கள். அதற்குப் பதில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டால் உறுமல் நன்றாகக் குறையும். இது ஒலி போகும் பாதை அல்ல, மாற்றலாம்.

அப்புறம் 5ஒய்3. 4, 6ஆம் முள்களுக்கு 325 வோல்ட் வயர்கள், 2, 8க்கு 5 வோல்ட். 8ஆம் முள்ளிலிருந்துதான் டி.சி. எடுக்க வேண்டும். 6வி6இல் 3 பிளேட், 4 ஸ்கிரீன், 5 கிரிட், 8 கேத்தோடு. 12ஏஎக்ஸ்7இல் 1, 2, 3 ஒரு பாதியின் பிளேட், கிரிட், கேத்தோடு. 6, 7, 8 மறுபாதிக்கு அதே வரிசை. முள்ளைக் கீழிருந்து பார்த்துக் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும்.

கிரவுண்டை இரண்டாகப் பிரியுங்கள். மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு வயர், முதல் ஃபில்டர் கெபாசிட்டர், 6வி6இன் கேத்தோடு ரெசிஸ்டர், ஸ்பீக்கர் ஆகியவை ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு போல்ட்டில். 12ஏஎக்ஸ்7 சம்பந்தப்பட்டதும் கடைசி ஃபில்டரும் வால்யூமும் ஜாக் பக்கம் ஒரு புள்ளியில். கிரிட் வயர்கள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஹீட்டரைக் கடக்க வேண்டி வந்தால் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்திலேயே ஓட வேண்டாம்.

22 கிலோ ஓம் ஃபீட்பேக் வயரை மட்டும் இப்போது பற்றவைக்காமல் முனையை டேப் சுற்றி விட்டுவிடுங்கள்.

முதல் முறை கரண்ட்

அவசரப்படாதீர்கள். 5எஃப்1 சர்க்யூட் வரைபடத்தை அச்சிட்டு, ஒவ்வொரு வயரையும் விரல் வைத்துப் பார்த்து, சரியாக இருப்பதை மஞ்சள் மார்க்கரால் அடித்துக்கொண்டே வாருங்கள். முடிந்தால் ஒரு இரவு தூங்கி எழுந்து மறுபடி பாருங்கள். முதல் ஃபில்டரின் பிளஸ்ஸிலிருந்து கிரவுண்டுக்கு ஓம் அளந்தால் மெதுவாக ஏறி 220 கிலோ பக்கம் போய் நிற்க வேண்டும். சில நூறு ஓமிலேயே நின்றால் எங்கோ ஷார்ட்.

60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு மெயின்ஸ் ஃபேஸுடன் தொடராக இணைத்து ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஆம்பில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ட்ரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும்.

ஒரு வால்வும் போடாமல் ஆன் செய்யுங்கள். பல்பு எரியவே கூடாது, எரிந்தாலும் லேசான சிவப்புக்கு மேல் போகக் கூடாது. ஹீட்டர் முள்ளில் 6.3க்குக் கொஞ்சம் மேலேயும், 5ஒய்3 சாக்கெட்டின் 2க்கும் 8க்கும் நடுவில் 5க்குக் கொஞ்சம் மேலேயும், 4இலிருந்தும் 6இலிருந்தும் கிரவுண்டுக்கு 325 பக்கமும் ஏ.சி. வர வேண்டும். ஆஃப் செய்து 12ஏஎக்ஸ்7ஐயும் 6வி6ஐயும் போட்டு மறுபடி ஆன் செய்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இழை ஒளிரும். ரெக்டிஃபையர் இல்லாததால் உயர் வோல்டேஜ் இன்னும் வரவில்லை.

இப்போது ஸ்பீக்கரை மாட்டுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள் பொறி விட்டுச் சாகும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து 5ஒய்3ஐப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு கொஞ்சம் பிரகாசித்து, மங்கி, 6வி6 சூடானதும் மீண்டும் ஓரளவு ஏறி நிலைக்கும். புகை, கருகிய வாசனை, பிளேட் சிவப்பது எதுவும் இல்லையென்றால் ஆஃப் செய்து பல்பு பெட்டியைக் கழற்றிவிட்டு நேராக மெயின்ஸில் கொடுக்கலாம்.

அளவுகள்

முழு மெயின்ஸில் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கிரவுண்டிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ இப்படி இருக்க வேண்டும்:

- முதல் ஃபில்டர்: 340 வோல்ட்
- இரண்டாவது: 300 பக்கம்
- மூன்றாவது: 250 பக்கம்
- 12ஏஎக்ஸ்7 பிளேட்கள் (1, 6): 140 முதல் 180
- 12ஏஎக்ஸ்7 கேத்தோடுகள் (3, 8): 1.2 முதல் 1.7
- 6வி6 கிரிட் (5): பூஜ்யம்
- 6வி6 கேத்தோடு (8): 18 முதல் 22

பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம். சுவரில் அந்த நேரத்தில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள், 245 வந்தால் உள்ளே எல்லாமே அதற்கேற்ப ஏறியிருக்கும். 6வி6 கிரிட்டில் பூஜ்யத்துக்குப் பதில் சில வோல்ட் பிளஸ் காட்டினால் இரண்டாவது 0.022 ஒழுகுகிறது, உடனே மாற்றுங்கள்.

அடுத்தது 6வி6 எவ்வளவு உழைக்கிறது என்ற கணக்கு. கேத்தோடில் 20 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அதை 470ஆல் வகுத்தால் 42.5 மில்லிஆம்பியர். ஸ்கிரீன் எடுப்பதாக இரண்டு மூன்றைக் கழித்தால் பிளேட்டுக்கு 40. 3ஆம் முள்ளுக்கும் 8க்கும் நடுவே 310 வோல்ட் இருந்தால், 310ஐ 0.04ஆல் பெருக்க 12.4 வாட். 6வி6க்குப் பழைய கையேடுகள் 12 வாட் என்றும் பிற்காலக் கையேடுகள் 14 வாட் என்றும் எல்லை போட்டிருக்கின்றன. 12, 13இல் இருந்தால் சரி, ஒரிஜினலும் அங்கேதான் ஓடியது. 14ஐத் தாண்டினால் 470ஐ எடுத்துவிட்டு 560 அல்லது 680 ஓம் போடுங்கள். புதிதாகத் தயாராகும் சில 5ஒய்3கள் பழையவற்றைவிட அதிக வோல்டேஜைக் கொடுத்துவிடும், அப்போது இந்த மாற்றம் கட்டாயம் தேவைப்படும்.

ஃபீட்பேக் வயர்

கிட்டாரை மாட்டி வாசித்துப் பாருங்கள், சத்தம் வரும். ஆஃப் செய்து, வடியவிட்டு, அளந்து பார்த்த பிறகு 22 கிலோ ஓம் வயரைப் பற்றவையுங்கள். மறுபடி ஆன் செய்தால் முன்பைவிடக் கொஞ்சம் சத்தம் குறைந்து, ஒலி நிதானமாகியிருக்க வேண்டும். அப்படியில்லாமல் ஊளையிட்டாலோ திடீரென்று சத்தம் கூடினாலோ ஃபீட்பேக் தலைகீழாக வருகிறது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். பலர் இந்த இடத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள், தேவையே இல்லை.

உறுமலும் மற்ற தொல்லைகளும்

இந்தச் சர்க்யூட்டில் கொஞ்சம் உறுமல் பிறவியிலேயே உண்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தால் கேட்கும். ஓரடி தள்ளி உட்கார்ந்தும் கேட்டால்தான் தேட வேண்டும். 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் தொல்லை பவர் பக்கம், ஃபில்டரையும் முதல் கிரவுண்டு போல்ட்டையும் பாருங்கள். நின்றுவிட்டால் முன்பக்கம், ஹீட்டர் வயரின் ஓட்டத்தையும் ஜாக்கின் கிரவுண்டையும் பாருங்கள். வால்யூமைத் திருப்ப உறுமலும் ஏறினால் வால்யூமுக்கு முன்னால், ஏறாவிட்டால் பின்னால்.

ஆன் செய்தபடியே ஒரு மரக் குச்சியால், சாப்ஸ்டிக் மாதிரி காய்ந்த மரமாக இருக்கட்டும், வயர்களை லேசாக நகர்த்திப் பார்ப்பதும் உதவும். நகர்த்தும்போது கரகரத்தால் அந்த இடத்தில் சால்டர் சரியில்லை. 12ஏஎக்ஸ்7ஐத் தட்டினால் மணி மாதிரி ஒலித்தால் அந்த வால்வை மாற்றுங்கள்.

பெட்டி

ஒரிஜினல் பைன் மரப் பெட்டி, மூலைகளில் விரல் பொருத்து, மேலே ட்வீட் துணி. 18 மில்லிமீட்டர் பைன் கிடைத்தால் அதையே போடுங்கள், பழைய பேக்கிங் பெட்டிகளிலிருந்து வரும் பைன்கூட நன்றாக இருக்கும், ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டு இழைத்துக்கொள்ள வேண்டும். எம்.டி.எஃப். வேண்டாம், கனம் அதிகம், ஒலியும் அடைபட்டதுபோல் இருக்கும். ஸ்பீக்கர் பலகை மட்டும் மெல்லிய பிளைவுட். பின்பக்கம் பாதி திறந்தே இருக்கட்டும், வால்வுகளுக்குக் காற்று வேண்டும். ஆனால் பிள்ளைகள் கை விட முடியாத அளவுக்கு ஒரு பலகையோ கம்பி வலையோ கட்டாயம் போடுங்கள். சேஸிஸைப் பெட்டியில் தொங்கவிடும்போது வால்வுகளின் தலை மரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள், 5ஒய்3யும் 6வி6உம் தொட முடியாத அளவுக்குச் சூடாகும்.

புதிய ஸ்பீக்கர் முதலில் விறைப்பாக ஒலிக்கும், சில வாரம் வாசித்தால் தளரும். அதற்குள் ஒலி பிடிக்கவில்லை என்று கெபாசிட்டரை மாற்றத் தொடங்காதீர்கள். வால்யூமை ஏழில் வைத்துவிட்டு, மீதியைக் கிட்டாரில் இருக்கும் வால்யூமாலும் விரலாலும் கூட்டிக் குறைத்துப் பழகுங்கள். பெட்டிக்குள் மூட்டிய பிறகு கேத்தோடு வோல்டேஜை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி ஒருமுறை அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பின்னால் வால்வு மாற்றுபவர் யாராக இருந்தாலும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்.